பிணைக் கையெழுத்து

2023 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வட்டவிதானையாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் அவருடைய மூத்த மகள். அவளது கையில் பழுப்பு நிற உறையொன்று.

"சேர், ஒரு கையெழுத்துக் கேட்டு வந்த நாங்க. ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்க. குறையா நினைக்க மாட்டம்" என்றார் வட்டவிதானையார். ஊரில் எத்தனையோ பேருடைய தண்ணீர்ச் சண்டையைத் தீர்த்து வைத்த மனிதர், அன்று வார்த்தைக்குத் தடுமாறினார்.

உறைக்குள் இருந்தது ஒரு பிணைமுறிப் படிவம். மகள் பேராதனையில் குடிசார் பொறியியல் படித்து, அரச நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராக இருந்தாள். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஷெவனிங் புலமைப்பரிசில் கிடைத்து, இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்குப் போக இருந்தாள். அந்தப் புலமைப்பரிசிலுக்கே ஒரு நிபந்தனை உண்டு: படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடங்களாவது இருக்க வேண்டும். அது போதாதென்று, கற்கை விடுமுறை கொடுக்கும் நிறுவனமும் தனியாக ஒரு பிணை கேட்டது. அவள் திரும்பி வந்து குறித்த காலம் சேவையாற்றாவிட்டால், நிரந்தர அரச உத்தியோகத்தர்கள் இருவர் பணத்தைக் கட்ட வேண்டும். ஒருவர் அவளுடைய தாய்மாமன். தபால் கந்தோரில் வேலை. மற்றவரைத் தேடிக் குடும்பம் முழுவதும் அலைந்து, கடைசியில் அவளுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை கணிதம் படிப்பித்த என்னிடம் வந்திருந்தார்கள். தொகையைப் பார்த்தேன். என்னுடைய மூன்று வருடச் சம்பளத்தையும் தாண்டி நின்றது.

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன். அவர்கள் போன பிறகு சோறு இறங்கவில்லை.

மனைவி படிவத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். "இஞ்ச பாருங்க, ஒருக்காப் பட்டது போதாதா?" என்று மட்டும் கேட்டாள். 2011இல் ஒரு நண்பரின் கடனுக்குப் பிணை நின்றேன். அவர் கட்டாருக்குப் போனார். பிறகு அவரது தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. முப்பத்தொரு மாதங்கள் என் சம்பளத்தில் கழித்தார்கள். மகளுக்கென்று கட்டத் தொடங்கியிருந்த வீடு லிண்டல் மட்டத்தோடு நின்று, இரண்டு மாரிமழை பட்டுப் பாசி பிடித்தது. எங்கள் பகுதியில் பெண்பிள்ளையைப் பெற்றவனுக்கு அந்தச் சுவர் எப்படித் தெரியும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தத் தடவை காலமும் கெட்டிருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஏன், எங்கள் ஆசிரியர்களும்கூட விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் ஜூனில் அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாடு போகலாமென்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. இப்படியான நாளில், போகிற ஒரு பிள்ளை திரும்பி வருவாள் என்று எழுதிக் கையெழுத்து வைக்கும்படி என்னிடம் கேட்டார்கள்.

*

என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டிருந்தேன். "முறைமைப் பொறியியல், சேர்" என்றாள். எனக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் சமிபாட்டுத் தொகுதி, குருதிச் சுற்றோட்டத் தொகுதி என்றுதானே இருக்கிறது, அந்தத் தொகுதிதானே இது என்று கேட்டேன். ஓம் என்றாள். இந்தச் செய்தி தேநீர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, "தொகுதிப் பொறியியலா? அப்ப வட்டவிதானையார்ர மகள் அடுத்த எலக்சன் கேக்கப் போறா போல" என்று ஒருவர் சொல்ல, கடை முழுவதும் சிரித்ததாம். ஒரு பெண்பிள்ளை தனியாகக் கடல் கடந்து போவதைப் பற்றியும் அங்கே பேசினார்கள். அந்தப் பேச்சை வட்டவிதானையார் பள்ளிவாசல் வாசலிலேயே நின்று கேட்டு, "என்ர மகள் ஏழு வருசமா வெளியூர்லதான். அவள்ர தீனை எனக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் எனக்குக் கவலை இருக்கவில்லை. என் கவலை படிவத்தில்தான் இருந்தது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாலம் கட்டப் படிக்கலாம், கட்டடம் கட்டப் படிக்கலாம், அவற்றுக்கு வேலையும் நிச்சயம். ஏன் இது?

அவள் ஒரு கதை சொன்னாள். கல்லோயா இடதுகரை வாய்க்காலில் ஒரு பகுதியைத் திருத்தும் வேலையில் அவள் இருந்தாள். மதகு செய்தவர்கள் மதகு சரி என்று அறிக்கை கொடுத்தார்கள். வாய்க்கால் கட்டியவர்கள் வாய்க்கால் சரி என்று கொடுத்தார்கள். அளவுகோல் வைத்தவர்களும் அப்படியே. எல்லாக் கோவைகளிலும் கையெழுத்து விழுந்தது. கடைக்கண்டத்து வயலுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. "ஒவ்வொண்டும் சரி சேர். ஒண்டா வேலை செய்யல்ல. அந்த 'ஒண்டா' என்ற சாமானை யாரும் எனக்குப் படிப்பிக்கல்ல."

எனக்கு உடனே ஒரு பழைய பாடவேளை ஞாபகம் வந்தது. எட்டாம் ஆண்டு. ஒரு தொட்டியை முதற் குழாய் நான்கு மணித்தியாலத்திலும் இரண்டாவது குழாய் ஆறு மணித்தியாலத்திலும் நிரப்பும், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் என்ற கணக்கு. இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். இவள் எழுந்து, "சேர், நிரம்பினாப் பிறகு யாரு குழாயை மூடுற?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, "அது கணக்கில இல்ல, இரு" என்றேன். வட்டவிதானையின் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதுதான் கணக்கு என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அவள் சில விபத்துகளையும் சொன்னாள். 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பியர்களின் அரியான் 5 ரொக்கெட் முதற்பயணத்திலேயே புறப்பட்டு நாற்பது செக்கன் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. பழைய அரியான் 4இல் ஒழுங்காக வேலை செய்த மென்பொருளைப் புதியதிலும் வைத்திருந்தார்கள். புதிய ரொக்கெட்டின் வேகம் கூடியது; ஓர் எண் பெரிதாகி, 16 பிட் இடத்துக்குள் அடங்காமற் போனது. அந்த இடத்தில் வைக்கக்கூடிய ஆகப் பெரிய எண் 32,767. மூன்று வருடங்களின் பின், 1999 செப்டெம்பரில், அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் தொலைந்தது. ஒரு பக்கத்தார் விசைக்கணத்தாக்கை இறாத்தல் கணக்கில் கொடுக்க, மறுபக்கத்தார் நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 4.45 மடங்கு. அலகு எழுதாத பிள்ளைக்கு அரைப் புள்ளி வெட்டுகிறவன் நான். அரைப் புள்ளிக்கு ஒரு விண்கலம் போகுமென்று யார் கண்டது?

இரண்டிலும் பாகம் உடையவில்லை. ஒரு பாகமும் மறு பாகமும் சந்திக்கும் இடத்திலேயே பிழை இருந்தது. அந்தச் சந்திப்பை 'இடைமுகம்' என்று அவர்கள் சொல்கிறார்கள். 1940களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில்தான் முறைமைப் பொறியியல் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததாம். தொலைபேசி, கம்பி, மாற்றகம் எல்லாவற்றையும் வேறு வேறு ஆட்கள் செய்தாலும், ஒரு குரல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர வேண்டுமே.

அன்றிரவு சூறா யூசுபை ஓதினேன். ஏழு வருட விளைச்சலைக் கதிரோடு சேமித்து ஏழு வருடப் பஞ்சத்தைக் கடக்கத் திட்டமிட்ட நபியின் சரித்திரம் எல்லாருக்கும் தெரியும். என் கண் வேறோர் இடத்தில் நின்றது. இளைய மகனை அனுப்புமுன் யஃகூப் நபி (அலை) மற்றப் பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்குகிறார். ஆனால் அதற்குள் ஒரு விலக்கும் வைக்கிறார்: நீங்கள் எல்லாரும் சூழப்பட்டு, கைமீறிப் போனாலன்றி. மகனை ஒருமுறை இழந்த தகப்பன், அந்த வேதனையிலும் மனிதனுடைய சக்திக்கு ஓர் எல்லை வைத்துத்தான் பிணை கேட்டார். எனக்குத் தந்த படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையெழுத்து வைத்தேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். சீனி போட மறந்திருந்தாள்.

*

அவள் செப்டெம்பரில் போனாள். வாரத்துக்கு ஒருமுறை, இஷாவுக்குப் பிறகு, அங்கே பின்னேரமாக இருக்கும்போது, வட்ஸ்அப்பில் பேசுவாள். பிணைகாரனுக்குக் கணக்குக் கொடுப்பது போலத் தொடங்கிய பேச்சு, போகப் போக எனக்கே வகுப்பாகியது.

அங்கே முதுமாணி என்பது 180 கிரடிட். 120 வகுப்புப் பாடங்களுக்கு, 60 ஆய்வுக்கட்டுரைக்கு. அவளுடைய முதல் பாடம் 'தேவைகள்'. ஒரு பொருளைச் செய்யுமுன் அது யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்று அளக்கக்கூடிய வசனங்களாக எழுதுவது. "நல்ல", "போதுமான", "விரைவான" என்ற சொற்கள் வந்தால் விரிவுரையாளர் சிவப்புக் கோடு போடுவாராம். பிறகு ஆங்கில வீ எழுத்தைப் போல ஒரு படம். இடது கையில் மேலிருந்து கீழாக, முழுத் தேவையிலிருந்து சின்னச் சின்னப் பாகங்கள் வரை பிரித்துக்கொண்டு இறங்குவது. வலது கையில் பாகங்களைப் பொருத்திக்கொண்டு ஏறுவது. ஏறும் ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பக்கத்துப் படியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதிலே இரண்டு கேள்விகள். எழுதியபடி செய்தோமா என்பது ஒன்று. அதற்குப் பெயர் சரிபார்த்தல். உரியவருக்கு அது உதவுகிறதா என்பது மற்றது; அதற்குப் பெயர் வலிதாக்கல்.

கலாசாலையில் இரண்டு வருடங்கள் பாடக்குறிப்பு எழுதிப் பழகியவன் நான். குறிக்கோள், செயற்பாடு, கணிப்பீடு என்று ஒழுங்காக எழுதுவேன். பிள்ளைக்குப் புள்ளி போட்டது முதலாவது கேள்விக்கு மட்டும்தான் என்று இருபது வருடங்களுக்குப் பிறகு என் மாணவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"சேர், உங்கட வகுப்புக்கு ஒருக்காக் குடுத்துப் பாருங்க" என்றாள். ஒன்பதாம் ஆண்டுக்குக் கொடுத்தேன். பாடசாலைக்குக் குடிநீர் வேண்டும். இதை அளக்கக்கூடிய தேவையாக எழுதுக. பிள்ளைகள் அன்று விளையாட்டுப் போல் வேலை செய்தார்கள். மொத்தம் 312 மாணவர்கள். இடைவேளை 20 நிமிடம். குழாய்கள் நான்கு. ஒருவருக்கு 15 செக்கன் என்று மணிக்கூடு வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழாயில் 80 பேர், நான்கில் 320 பேர். எட்டுப் பேருக்கு இடம் மிச்சம்! ஒரு குழாய் பழுதானால் 240 பேர். 72 பிள்ளைகள் தாகத்தோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். ஆகவே நான்கும் எப்போதும் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வசனத்தைச் சேர்த்தார்கள். கரும்பலகையில் எல்லாம் அழகாக நின்றது. நான் மகிழ்ந்துபோனேன்.

அடுத்த இடைவேளையில் உண்மையிலேயே எண்ணிப் பார்க்கச் சொன்னேன். வந்த எண்ணிக்கை 170ஐயும் தொடவில்லை. வரிசையில் மேல் வகுப்புப் பெண்பிள்ளைகள் இல்லவே இல்லை. வகுப்பில் கேட்டேன். யாரும் பேசவில்லை. மணியடித்து ஆண்பிள்ளைகள் வெளியேறிய பிறகு, பின்வரிசைப் பிள்ளை ஒன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னது: "நாங்க தண்ணி குடிக்கிறல்ல சேர். குடிச்சாக் கழிவறைக்குப் போகணும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

எத்தனை மாதமாக என்று கேட்டேன். "நாங்க ஆறாம் ஆண்டுக்கு வந்த நாள்ள இருந்து" என்றது.

நான்கு குழாய்களும் இருந்தன. கழிவறையும் இருந்தது. இரண்டுக்கும் பூர்த்திச் சான்றிதழ் கோவையில் இருந்தது. நானும் அந்தப் பாடசாலையில்தான் இருந்தேன். எனக்கு மகள் ஒருத்தியும் இருக்கிறாள். காலையிலிருந்து இரண்டு மணி வரை நாவறண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளை, பாடத்தில் கவனமில்லை என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன்! அன்று பின்னேரம் இரும்புக் கடைக்குப் போய் இரண்டு தாழ்ப்பாள்கள் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாகூடப் போகவில்லை. சனிக்கிழமை நானே ஆணி அறைந்தேன்.

அன்றிரவு அவளிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "நானும் குடிக்கிறல்ல சேர். பதினோராம் ஆண்டு வரைக்கும்" என்றாள்.

*

ஆய்வுக்கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது கல்லோயா. 1949இல் அபிவிருத்திச் சபை அமைத்து, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனியைக் கொண்டு அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் உண்டான கதை எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. அவள் எடுத்தது அதற்குப் பிந்திய கதை. எழுபதுகளின் கடைசியில் இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்து, கடைப்பக்கத்துக்குத் தண்ணீர் எட்டாத நிலை. திருத்துவதற்கு அமெரிக்க உதவித் திட்டம் வந்தது. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981 முதல் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக விவசாயிகள் மத்தியில் கொண்டுபோய் வைத்தன. அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். வயல் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் சிறு குழுக்கள் உருவாகின. கொங்கிறீட் வருமுன்பே விவசாயிகள் வாய்க்காலைத் துப்பரவு செய்து, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் பேசும் விவசாயிகள். காலமோ இனக்கலவரக் காலம். இந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் என்ற கோர்னெல் பேராசிரியர் 1992இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லாண்ட் என்பவரும் முறைமைப் பொறியியலை மனிதர்களுடைய பிரச்சினைகளுக்குப் பிரயோகித்துப் பார்த்து, அது அப்படியே பொருந்தாது என்று கண்டவராம். இயந்திரத்துக்குக் குறிக்கோள் ஒன்று. மனிதர்கள் பத்துப் பேர் கூடினால் பிரச்சினை என்னவென்பதிலேயே பத்துக் கருத்து. அதனால் முதலில் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது எப்படித் தெரிகிறது என்று படம் வரைந்து பேசச் சொன்னார். 1981இல் அவருடைய புத்தகம் வெளியானது. அதே வருடத்தில்தான் எங்கள் வாய்க்கால் கரையில் அந்த இளைஞர்கள் வந்து குந்தியிருக்கிறார்கள்.

இதை நான் வட்டவிதானையாரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தண்ணியை வாய்க்கால் கொண்டு வாறல்ல சேர், மனிசன்தான் கொண்டு வாற. இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போன?" என்றார். சொல்லிவிட்டு, அந்தக் கட்டுரையின் அட்டையில் மகளின் பெயர் எப்படி அச்சாகும் என்று கேட்டார்.

*

2024 ஒக்டோபரில் அவள் திரும்பி வந்தாள். ஊர் கொஞ்சம் ஏமாந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அதே மேசை, அதே கோவைகள். என்ன படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அவள் படித்த படிப்பின் பெயரில் அங்கே ஒரு பதவியும் இல்லை. அவளோடு படித்தவர்கள் ரயில்வேயிலும் விமானக் கம்பனிகளிலும் இருக்கிறார்கள். அவளுக்கும் ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது என்பதை அவளுடைய உம்மா மூலம்தான் அறிந்தேன்.

எங்களைப் பார்க்க வந்த அன்று, மனைவி சுற்றிவளைக்காமல் கேட்டாள்: "மறுகா போயிருவியா புள்ள?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "தெரியா மாமி" என்றாள். "இந்தப் பிணைக் காலம் முடியுமட்டும் போகமாட்டன். அதுக்குப் பிறகு சொல்லத் தெரியா. போறெண்டா முதல்ல உங்களுக்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போவன்."

மனைவி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2011இல் எங்களுக்குக் கிடைக்காமற் போனது இந்த ஒரு வசனம்தான். எழுந்து போய்த் தேநீர் கொண்டு வந்தாள். சீனி கூடிப் போயிருந்தது.

பிணைமுறியின் பிரதி எங்கள் அலுமாரியில், காணி உறுதிகளுக்கு அடியில் இருக்கிறது. இன்னும் காலம் முடியவில்லை. சில இரவுகளில் அது ஞாபகம் வரும். மகளின் வீட்டுக்கு இப்போது கூரை போட்டாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

அவள் விடுமுறை நாட்களில் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி, வாய்க்கால் வழியே மேல்கண்டம் வரை போய், ஆட்களோடு பேசிவிட்டு வருகிறாள். அலுவலகம் கேட்டுச் செய்கிற வேலையல்ல. இந்தப் போகத்தில் கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டேன். "வந்தாச் சொல்றன் சேர்" என்றாள்.

போன கிழமை பாடசாலையில் ஒரு தாழ்ப்பாள் மறுபடி கழன்றிருந்தது. இந்தத் தடவை அதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து நின்று, "சேர், தாழ்ப்பாள் கழண்டு போச்சு" என்று உரத்த குரலில் சொன்னார்கள். இடைவேளைக்குள் பூட்டிக் கொடுத்தேன்.